'தி யங் போப்' பற்றி எழுதுகிறவர்களுக்கு

சென்ற வாரம் ஒரு தம்பி 'தி யங் போப்' தொலைக்காட்சித் தொடர் பற்றிய தன் முதல் விமர்சனத்தைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டாவது பத்தியில் நிறுத்திவிட்டேன். 2017இல் நான் செய்த அதே தப்பு. எழுத்துப்பிழை, நடிகர் பெயர்க் குழப்பம் எல்லாம் எடிட்டர் பார்த்துக்கொள்வார், விடுங்கள். நீங்களே தவிர்க்க வேண்டிய தப்புகள் இவை.

கனவை நம்பி எழுதுவது

வெனிஸ் சான் மார்க்கோ சதுக்கத்தில், குவிந்து கிடக்கும் குழந்தைகளுக்கு அடியிலிருந்து போப் ஊர்ந்து வெளியே வருகிறார். தொடர் ஆரம்பிப்பதே இப்படித்தான். அப்புறம் ரோமில் மாடத்துக்கு வந்து கையை விரிக்கிறார், மழை நிற்கிறது. கருத்தடை, சுய இன்பம் என்று திருச்சபை வாய் திறக்கக் கூசும் விஷயங்களைக் கூட்டத்தின் முன் பேசுகிறார். எனக்குப் புல்லரித்தது. அடுத்த நிமிடமே அவர் விழித்துக்கொள்கிறார், எல்லாம் கனவு. நானோ, மனசில் இருப்பதுதானே கனவில் வரும் என்று முடிவுகட்டி, 'புரட்சிப் போப்' என்று தலைப்பிட்டு ஒரு பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். அச்சும் ஆகிவிட்டது.

இரண்டாவது எபிசோடில் அதே மாடம், இரவு. வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் முகமே தெரியாது. கடவுளை மறந்துவிட்டீர்கள் என்று சீறுகிறார். லத்தீனும் பழைய கட்டுப்பாடும் திரும்ப வேண்டும் என்கிற ஆள் இவர்! கட்டுரைக்குப் பணமும் வரவில்லை, அடுத்த அழைப்பும் வரவில்லை. அந்தத் தலைப்பை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான்.

சரி, வெறும் கனவுதானே என்று ஒதுக்கினாலும் தப்பு. இந்தப் போப்பின் இயற்பெயர் லென்னி. அவரைச் சின்ன வயதில் அனாதை இல்லத்தில் விட்டுவிட்டு அவருடைய ஹிப்பி பெற்றோர் போன ஊர் வெனிஸ். குழந்தைக் குவியல் ஏன் ரோமில் இல்லை என்பது அப்போதுதான் பிடிபடும்.

வத்திக்கானில் எடுத்தது என்பது

இல்லை. செட்.

மும்முடியை ஆடம்பரம் என்று கடந்துபோவது

1964இல் போப் ஆறாம் பவுல் தன் மும்முடியை, அதாவது போப்புகள் அணிந்துவந்த மூன்றடுக்குக் கிரீடத்தை, கழற்றிப் பலிபீடத்தில் வைத்தார். ஏழைகளுக்கான காணிக்கை அது. பிறகு அது வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது. தொடரில் பதின்மூன்றாம் பயஸ் என்ற பெயரில் போப்பான லென்னி அதைத்தான் திருப்பிக் கேட்கிறார். இந்தப் பின்கதை தெரியாவிட்டால் அது வெறும் தொப்பி.

தொடரில் வரும் கங்காருவுக்கு அர்த்தம் சொல்வது

வேண்டாம்.

முடிவைப் போட்டு உடைப்பது

பத்தாவது எபிசோடில் மறுபடி அதே வெனிஸ் சதுக்கம். தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக் கூட்டத்துக்குள் யாரையோ தேடுகிறார். உங்கள் கட்டுரை அங்கேயே நிற்கட்டும்.