முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

நம் நாட்டில் பொதுமக்களில் சிலர் உட்கார்ந்து குற்றவாளியா இல்லையா என்று சொல்கிற ஜூரி முறை போய் ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. 1973இல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே அதற்கு இடம் இல்லாமல் போனது. ஆனால் ஜூரி வேலையை நாம் விட்டபாடில்லை. காசிமேட்டில் ஏலத் தகராறோ, புளியந்தோப்பில் குழாயடிச் சண்டையோ, சுற்றி நிற்கிற பத்துப் பேரும் யார் சொல்வது நிஜம் என்று நின்ற இடத்திலேயே முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவுகள் எங்கே சறுக்குகின்றன என்று உளவியலாளர்கள் நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள்.

"பொய் சொல்றவன் கண்ணப் பாத்துப் பேச மாட்டான்" என்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. இது நம் ஊர் நம்பிக்கை மட்டும் இல்லை, உலகத்தில் எங்கே கேட்டாலும் இதைத்தான் சொல்கிறார்கள். சார்ல்ஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து 2006இல் கணக்குப் பார்த்தார்கள். மெய்யையும் பொய்யையும் மக்கள் சரியாகப் பிரித்தது 54 சதவீதம்தான். காசு சுண்டிப் போட்டாலே 50 வரும். பேச்சைக் கேட்டவர்களைவிட, வெறும் முகத்தைப் பார்த்தவர்கள் மோசமாகத் தவறினார்கள் என்பது இன்னொரு வேடிக்கை. அப்புறம், போலீஸ்காரர் முன்னாலும் பெரியவர் முன்னாலும் தலையைத் தாழ்த்தி நிற்கும்படி பையனை வளர்ப்பதும் நாம்தானே?

பேசும் விதத்தை வைத்து எடை போடுவது இதைவிடப் பெரிய தவறு. என் கணக்கில் வடசென்னைக்காரர்கள் அதிகம் அடிபடுவது இதில்தான். 1970களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஓபாரும் அவருடைய குழுவினரும் ஒரே சாட்சியத்தை இரண்டு விதமாகப் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். ஒன்று நேரடிப் பேச்சு. இன்னொன்று தயங்கித் தயங்கி, 'அப்படித்தான்னு நெனைக்கிறேன் சார்' என்று இழுக்கிற பேச்சு. விஷயத்தில் ஒரு மாற்றமும் கிடையாது. ஆனாலும் கேட்டவர்கள் தயங்கினவரைக் குறைவாகவே நம்பினார்கள்.

இதை அப்படியே பாரிமுனை கோர்ட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். வியாசர்பாடியில் சரளமாகப் பேசுகிற அக்கா, கூண்டில் ஏறியதும் நம்ம பாஷை இங்கே எடுபடாது என்று புத்தகத் தமிழுக்குத் தாவுவார். வார்த்தை சிக்கும், நிறுத்துவார், திருத்துவார். பார்க்கிறவர்களுக்கு அது பொய் தேடுகிற தடுமாற்றமாகத் தெரியும். சாட்சி சொல்லப் போகிறவர் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே சொல்வது நல்லது. கேட்கிறவர் 'ஏரியா'வைக் காதில் வாங்காமல் விஷயத்தை வாங்கவேண்டும்.

கேள்வி கேட்பதிலும் கோளாறு உண்டு. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி பைக்கில் மோதிவிட்டது என்று வையுங்கள். "லாரி என்னா ஸ்பீடா வந்து அடிச்சுது?" என்று கேட்டாலே பாதிப் பதிலை நாம் ஊட்டிவிட்டோம். எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் மாணவர்களுக்கு ஒரு விபத்துப் படம் காட்டினார்கள். கார்கள் 'நொறுங்க மோதியபோது' வேகம் என்ன என்று 50 பேரிடம் கேட்டார்கள்; வேறு 50 பேரிடம் 'மோதியபோது' என்று மட்டும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாக முதல் கூட்டத்தில் 16 பேர் சொன்னார்கள், இரண்டாவதில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. தன் தரப்புச் சாட்சியிடம் இப்படிப் பதிலை ஊட்டுகிற கேள்வியை, எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், நீதிமன்ற அனுமதி இல்லாமல் வக்கீல் கேட்க முடியாது. குறுக்கு விசாரணையில் கேட்கலாம். தெருவில் அந்தத் தடை ஏது?

ஒரு இடத்தில் முன்னுக்குப் பின் சொன்னார் என்பதற்காக முழுச் சாட்சியத்தையும் தூக்கிப்போடுவது நம் சட்டமே ஏற்காத பழக்கம். தலை எண்ணுவதும் அப்படித்தான். வடிவேலு தேவர் வழக்கில் 1957இல் உச்ச நீதிமன்றம் பார்க்கச் சொன்னது சாட்சிகளின் எண்ணிக்கையை அல்ல, தரத்தை. எட்டுப் பேர் ஒரே வார்த்தையில் ஒரே கதையைச் சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

சென்னை மறக்காத ஜூரி வழக்கு ஒன்று உண்டு. 1944 நவம்பரில் வேப்பேரியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்று சொன்ன ஜூரி 6க்கு 3 என்று பிரிந்திருந்தது. ஒரே கூண்டு, ஒரே சாட்சிகள், ஆனாலும் ஒன்பது பேரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போன வழக்கில், மேல்முறையீட்டை மறுபடி விசாரித்த நீதிபதிகள் 1947இல் இருவரையும் விடுவித்தார்கள்.

உங்களுக்கே சம்மன் வந்தால், கோர்ட்டுக்குப் போவதற்கு முன் மற்ற சாட்சிகளோடு டீக்கடையில் உட்கார்ந்து 'அன்னிக்கு என்ன நடந்துச்சு' என்று பேசாதீர்கள். அவர்கள் பார்த்தது உங்கள் ஞாபகத்தில் கலந்துவிடும். எது உங்களுடையது என்று பிறகு உங்களுக்கே பிரிக்கத் தெரியாது. பார்க்காததைக் கேட்டால் "பார்க்கலை சார்" என்று சொல்லுங்கள். மானம் ஒன்றும் போய்விடாது.