எலிப் புரதக் குப்பியைத் திறக்கும் முன்

பேராதனையில் மழைக்காலத்தில் காற்றே ஈரம்தான். அதனால் உறைபெட்டியிலிருந்து எடுத்த எலி இன்டர்லூக்கின்-6 (நோயெதிர்ப்பில் செல்களுக்கிடையே செய்தி கடத்தும் புரதம்) குப்பியை உடனே திறக்காதீர்கள்; அறை வெப்பநிலைக்கு வரட்டும். இல்லாவிட்டால் உலர்தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தூள் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது, மூடியில் ஒட்டியிருக்கலாம். முதலில் சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுழற்றும் கருவி) சில விநாடி சுற்றுங்கள், தூள் அடிக்கு வந்துவிடும். அப்புறம் 10 மைக்ரோகிராம் தூளுக்கு 100 மைக்ரோலீற்றர் கிருமிநீக்கிய பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) விட்டுக் கரையுங்கள், அதில் 0.1 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டுச் சீரப் புரதமான அல்புமின்) இருக்கட்டும். கூட வரும் தாள் வேறு சொன்னால் தாள் சொல்வதுதான் சரி. வோர்டெக்ஸ் (அதிரவைத்துக் கலக்கும் கருவி) வேண்டவே வேண்டாம், நுரைத்தால் புரதம் கெடும், மெல்ல உருட்டுங்கள். சிறு பங்குகளாக்கி மைனஸ் 80 பாகையில் வையுங்கள். உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். கரண்ட் போகாது என்று நம்பாத ஆள் நான். பங்குகளை இரண்டு உறைபெட்டிகளில் பிரித்துத்தான் வைப்பேன்.