குழந்தையை விட்டுவிட்டு இரண்டு நாள் வெளியூர்: புதுப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில மாதக் குழந்தையைப் பாட்டியிடமோ சித்தியிடமோ விட்டுவிட்டு, வேறொரு நகரத்தில் ஒன்றிரண்டு ராத்திரி தங்கி வரலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு டயபர் வாங்கி வையுங்கள், போனுக்குச் சார்ஜ் போடுங்கள் என்றெல்லாம் சொல்லத் தேவையில்லை. அவற்றை யாரும் மறப்பதில்லை. பயணத்தைக் கெடுப்பவை வேறு சில தவறுகள். ஒருவர் பட்டதையே அடுத்தவரும் படுவதைப் பார்க்கும்போது ஆற்றாமையாக இருக்கிறது.

"ஒரு ராத்திரிதானே" என்று தாய்ப்பால் எடுக்கும் பம்பை வீட்டில் வைத்துவிட்டுப் போவது

தாய்ப்பால் கொடுக்கும் அம்மாக்கள் செய்யும் தவறுகளில் மிகப் பெரியது இதுதான். "ஃப்ரீசரில்தான் பால் இருக்கிறதே, எனக்கு எதற்குப் பம்ப்?" என்று கேட்பார்கள். ஃப்ரீசரில் இருப்பது குழந்தையின் பசிக்கு. பம்ப் அம்மாவின் உடம்புக்கு. நீங்கள் ஊருக்குப் போயிருப்பது உங்கள் மார்புக்குத் தெரியாது. அது பாட்டுக்குச் சுரந்துகொண்டுதான் இருக்கும்.

நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். காலை 6 மணிக்குக் கடைசியாகப் பால் கொடுத்துவிட்டு ரயில் ஏறுகிறார். 11 மணிக்கு மார்பு கனக்கிறது. ஊர் சுற்றும் உற்சாகத்தில் அது பெரிதாகத் தெரிவதில்லை. மதியம் கல் மாதிரி இறுகி, ஆடை நனைகிறது. மாலையில் ஒரு பக்கம் மட்டும் விண்விண் என்று வலிக்கிறது. அங்கே தோல் சிவந்து, தொட்டால் சுடுகிறது. ராத்திரி குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். மறுநாள் பார்க்க வேண்டிய இடங்களை விட்டுவிட்டு, தெரியாத ஊரில் டாக்டரைத் தேடி அலைய வேண்டியதுதான்.

பால் தேங்கினால் சுற்றியுள்ள திசு வீங்கும். அந்த வீக்கம் பால் வரும் குழாய்களை நெருக்கும். அதன்பிறகு பம்ப் கிடைத்தாலும் பால் எளிதில் இறங்காது. அதனால்தான் வலி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு பலிப்பதில்லை. தேங்கிய பால், இனி இவ்வளவு சுரக்க வேண்டாம் என்று உடம்புக்குச் சொல்லிவிடுவதால் சுரப்பும் குறையலாம்.

குழந்தை எத்தனை மணிக்கொருமுறை குடிக்கிறதோ அத்தனை மணிக்கொருமுறை எடுங்கள். தடவைக்கு 15 முதல் 20 நிமிடம். கிளம்பும் முன் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள். படுக்கும் முன்னும் எழுந்தவுடனும் எடுப்பதைத் தவறவிடாதீர்கள். அருங்காட்சியக டிக்கெட்டோ நாடக டிக்கெட்டோ எடுக்கும்போதே இந்த நேரங்களை ஒதுக்கி வையுங்கள். இடையில் நேரம் கிடைக்கும் என்று நம்பிப் போனால் கிடைக்காது.

பம்பில் அடிக்கடி காலை வாருவது மோட்டார் அல்ல, மார்பில் வைக்கும் புனலுக்கு அடியில் இருக்கும் சிறிய சிலிக்கோன் வால்வு. அதில் மயிரிழை அளவு கிழிசல் இருந்தாலும் இழுவிசை போய்விடும். மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும், பால் வராது. உபரியாக இரண்டு வால்வும், மின்சாரம் வேண்டாத ஒரு கைப்பம்பும் பையில் இருக்கட்டும். கையால் எடுக்கவும் பழகி வையுங்கள்: காம்பிலிருந்து 2, 3 செ.மீ. தள்ளிக் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் எதிரெதிரே, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து, விட வேண்டும். விரல் தோலில் வழுக்கக் கூடாது.

ஏற்கெனவே கட்டிக்கொண்டுவிட்டதா? எடுப்பதற்கு முன் ஓரிரு நிமிடம் வெதுவெதுப்பான துணி, எடுத்த பிறகு குளிர் ஒத்தடம். கட்டியை அழுத்திப் பிசையாதீர்கள். வீங்கிய திசு மேலும் புண்ணாகும். சிவப்பும் 38.5 டிகிரி செல்சியஸ் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அது மாஸ்டைடிஸாக, அதாவது மார்பு அழற்சியாக இருக்கலாம். ஒரு நாளுக்குள் தணியாவிட்டால், அல்லது நிலைமை மோசமானால், டாக்டரிடம் போக வேண்டும். அப்போதும் பால் எடுப்பதை நிறுத்தக் கூடாது.

அறையிலிருக்கும் குட்டி ஃப்ரிட்ஜை நம்புவது

எடுத்த பாலைக் கொண்டுவர நினைப்பவர்கள் ஏமாறும் இடம் இது. விடுதி அறையின் மினிபார் பல, பானத்தைச் சில்லென்று வைக்கும். பாலுக்கு வேண்டிய 4 டிகிரிக்கு இறங்காது. இன்னொன்றும் உண்டு. கதவருகே சாவி அட்டையைச் செருகினால்தான் மின்சாரம் வரும் அறைகளில், அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனால் சில இடங்களில் ஃப்ரிட்ஜும் அணைந்துவிடும். நாள் முழுக்க ஊர் சுற்றிவிட்டு வந்தால் பால் அறைச்சூட்டில் இருக்கும். ஒரு சின்ன வெப்பமானியை உள்ளே வைத்துப் பாருங்கள். சந்தேகமிருந்தால் வரவேற்பறையில் கேட்டு, சமையலறை ஃப்ரிட்ஜில் பெயர் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

புதிதாக எடுத்த பால் 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் 4 மணி நேரம் தாங்கும். 4 டிகிரி ஃப்ரிட்ஜில் 4 நாள். நன்றாக உறைந்த ஐஸ் பேக்குகளோடு காப்புப் பையில் 24 மணி நேரம். விமானத்தில் குழந்தை இல்லாமல் பால் கொண்டுபோகும் விதி நாட்டுக்கு நாடு மாறும். டிக்கெட் எடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கிளம்பும் நாளில்தான் முதல் புட்டிப்பால்

நேரடியாக மட்டுமே குடித்துப் பழகிய குழந்தை புட்டியை எளிதில் ஏற்காது. இரண்டு மூன்று வாரம் முன்பே, தினமும் ஒருவேளை, பார்த்துக்கொள்ளப் போகிறவர் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். அப்போது அம்மா அந்த அறையில் இருக்கக் கூடாது. மெதுவாக வடியும் நிப்பிள் போதும். குழந்தையைப் பாதி நிமிர்த்திப் பிடித்து, புட்டியைக் கிட்டத்தட்டப் படுக்கைவசத்தில் வைத்துக் கொடுங்கள்.

ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 750 மி.லி. வேண்டும், அதாவது மணிக்குச் சுமார் 30. ரயில் தாமதத்துக்கு இன்னும் நான்கைந்து மணி நேரப் பாலைச் சேர்த்து வையுங்கள். 60 முதல் 90 மி.லி. பொட்டலங்களாக உறைய வைப்பது நல்லது, ஏனென்றால் குழந்தை வாய் வைத்து மிச்சம் விட்டதை 2 மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். முதல் நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜுக்கு மாற்றி உருக விடுங்கள். உருகியதை 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மறுபடி உறைய வைக்கக் கூடாது. மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், அங்கங்கே கொதித்து வாயைச் சுட்டுவிடும். சிலருடைய பால் உறைந்து உருகினால் சோப்பு வாசம் அடிக்கும். கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, ஆனால் குழந்தை மறுக்கலாம். ஒரு பொட்டலத்தை முன்பே உருக்கிக் கொடுத்துப் பாருங்கள்.

காய்ச்சல் மருந்தை "கொஞ்சம் கொடுங்கள்" என்று விட்டுவிட்டுப் போவது

பாராசிட்டமால் சொட்டு மருந்தாகவும் சிரப்பாகவும் வருகிறது, ஒரு மி.லி.யில் இருக்கும் மருந்தின் அளவு இரண்டிலும் ஒன்றல்ல. சிரப்பின் அளவைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் அளவு பல மடங்கு கூடிவிடும். டாக்டர் எடையைப் பார்த்துச் சொன்ன மி.லி. அளவை அந்தப் பாட்டிலின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 38 டிகிரி வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. நேரே மருத்துவமனைதான்.

எப்படிப் படுக்க வைப்பது என்று சொல்லாமல் போவது

மல்லாக்க. தலையணை, போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

குழந்தை தூங்கும்போது நழுவுவது

சொல்லிவிட்டு, டாட்டா காட்டிவிட்டுப் போங்கள்.

மணிக்கொரு வீடியோ கால்

குரலைக் கேட்டால் அழுகிற குழந்தைக்கு வேண்டாம். செய்தி அனுப்பச் சொன்னால் போதும்.

திரும்பி வரும் நேரத்தைச் சொல்லாமல் விடுவது

வீட்டை நெருங்கும்போது மார்பு நிறைந்திருக்கும். பார்த்துக்கொள்பவரோ நல்ல மனதோடு, நீங்கள் கதவைத் தட்டுவதற்குப் பத்து நிமிடம் முன்புதான் ஒரு முழுப் புட்டியைக் கொடுத்து முடித்திருப்பார். வந்து சேர இரண்டு மணி நேரம் இருக்கும்போதே போன் செய்து சொல்லுங்கள். பசித்து அழுதால் 30 மி.லி. மட்டும் கொடுத்துச் சமாளிக்கட்டும், மீதியை நீங்கள் வந்து கொடுக்கலாம்.