முதியோரின் நினைவாற்றலை வீட்டுக் கருவிகளால் கவனிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், ஆரிகன் உடல்நல அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்காடெக் மையம், முதியவர்களின் வீட்டுக்கூரையில் அசைவு உணரிகளை வரிசையாகப் பொருத்தி, அவர்கள் அன்றாடம் நடக்கும் வேகத்தை நீண்ட காலம் அளந்தது. 2012இல் வெளியான அதன் ஆய்வு, நடையின் வேகமும் அந்த வேகத்தில் காணும் ஏற்ற இறக்கமும் லேசான அறிவுத்திறன் குறைபாட்டுடன் தொடர்புடையவை என்று காட்டியது. ஒருவரை அவருடைய பழைய அளவோடே மாதக்கணக்கில் ஒப்பிட்டதால்தான் அது புலப்பட்டது.

நடையையும் தூக்கத்தையும் அளக்கும் கைக்கடிகாரமோ, மாத்திரை எடுத்ததைப் பதியும் மின்னணு மாத்திரைப் பெட்டியோ வாங்கிய குடும்பங்கள் இதையே மறந்துவிடுகின்றன. ஒருநாள் இரவு அம்மா நான்கு முறை எழுந்தார் என்பதைக் கண்டு மறதிநோய் என்று அஞ்சுவது தவறு. தூக்கக்கேடு, மனச்சோர்வு, காது மந்தம், பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு ஆகியவையும் மூளைத் தளர்ச்சி போலத் தோன்றலாம். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. உணரி மாற்றத்தை மட்டுமே சொல்லும், காரணத்தை மருத்துவர்தான் கண்டறிய வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறு இன்னும் ஆபத்தானது. பொறுமையாகப் பார்ப்போம் என்று கருவி காட்டும் வரைபடத்தையே நம்பியிருக்கும் வீட்டில், பெரியவர் ஓரிரு நாளில் திடீரெனக் குழம்பினாலோ, பகலெல்லாம் மயங்கிக் கிடந்தாலோ, அது டெலிரியம் என்னும் கடுங்குழப்ப நிலையாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவை அதற்கு வழக்கமான காரணங்கள். மெல்ல வரும் சரிவுக்கே பொறுமை பொருந்தும். திடீர் மாற்றத்துக்கு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

கைபேசிச் செயலிகளில் வரும் நினைவாற்றல் தேர்வை வாரந்தோறும் எழுதவைப்பதும் பயனற்றது, ஏனெனில் பழக்கத்தாலேயே மதிப்பெண் உயர்ந்து உண்மையான சரிவை மறைத்துவிடும். மருத்துவர்கள் பயன்படுத்தும் மோகா (MoCA) என்னும் 30 மதிப்பெண் அறிவுத்திறன் தேர்வுக்கு மாற்று வினாத்தாள்கள் இருப்பதும், 12 ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தரப்படுவதும் தற்செயலல்ல; பழக்கமும் படிப்பும் மதிப்பெண்ணை மாற்றும் என்பதால்தான்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, பெரியவருக்குத் தெரியாமல் கேமரா வைப்பதை நான் முற்றிலும் ஏற்கமாட்டேன். எது அளக்கப்படுகிறது, அதை யார் பார்ப்பார்கள், வேண்டாமென்றால் எப்படி நிறுத்துவது என்பதை அவருக்குத் தெளிவாகப் புரியும் காலத்திலேயே உட்கார்ந்து பேசி, அவருடைய சம்மதத்தைக் கேட்டுப் பெற வேண்டும்.