வாசனையை அடைத்து, பார்வையைச் சோதிப்பது: சுண்டெலியின் சமூக நினைவு

சுண்டெலி இன்னொரு சுண்டெலியை முதன்மையாக மூக்கால்தான் அடையாளம் காண்கிறது. கண்ணால் கண்டதை மட்டும் வைத்து அது நினைவில் கொள்கிறதா என்று அறிய, வாசனையும் ஒலியும் கசியாமல் அடைக்க வேண்டும். பாதி வேலை இதுதான்.

ஆய்வகச் சுண்டெலிகளில் சி57பிஎல்/6 வகை எடுங்கள். சி3எச் வேண்டாம், ஆர்டி1 மரபணுப் பிழையால் இளமையிலேயே விழித்திரை சிதைந்துவிடும். வெள்ளைச் சுண்டெலிகளுக்கும் பார்வை மங்கல். கூட்டமாகவே வளர்த்துவாருங்கள், தனிக்கூண்டில் வைத்தால் சமூக நினைவு வெகு சீக்கிரம் கரையும்.

60×40 செ.மீ. பெட்டி, இரு முனைகளிலும் இரட்டை அக்ரிலிக் சுவருள்ள மூடிய அறைகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் காற்றுக்குழாய். வெளியேறும் காற்று சோதனை அறைக்குள் வரக் கூடாது. காற்றோட்டம் குறைந்தால் எலிக்கு ஆபத்து, மூச்சின் ஈரம் படிந்து சுவரும் மங்கும். மீயொலி மைக்கை வெளியே வைத்துக் கசிவைச் சரிபாருங்கள். சிவப்பு விளக்கு கூடாது, அது எலிக்கு ஏறக்குறைய இருட்டு.

முதல் நாள் சோதனை எலி காலிப் பெட்டியில் 10 நிமிடம். மறுநாள் ஒரு முனையில் அறிமுக எலி, 10 நிமிடம். பிறகு 30 நிமிடம் சொந்தக் கூண்டு. பிறகு ஒரு பக்கம் முன்பு அறிமுகமான பழைய எலி, மறுபக்கம் புது எலி, 5 நிமிடம். பாதி எலிகளுக்குப் பக்கத்தை மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் 70% எத்தனாலால் துடைத்து, வாடை போகும்வரை பொறுங்கள்.

சுவரிலிருந்து 5 செ.மீ.க்குள் இருந்த நேரத்தையே எண்ணுங்கள். சுண்டெலியின் பார்வைக் கூர்மை ஒரு பாகைக்குச் சுமார் அரைச் சுழற்சிதான் (ஒரு சுழற்சி என்பது ஒரு கறுப்பு, ஒரு வெள்ளைக் கோடு): 10 செ.மீ. தள்ளி நின்றால் சுமார் 2 மி.மீ.க்கும் மெல்லிய கோடுகளை அதனால் பிரித்தறிய முடியாது. பழைய எலியை நினைவில் வைத்திருந்தால் புது எலியிடம் அதிக நேரம் நிற்கும். அந்த நேரங்களை வைத்துக் குறியீடு: (புது − பழைய) ÷ (புது + பழைய).

பலரும் சறுக்குவது இங்கேதான்: அப்போதுதான் அறைக்குள் விடப்பட்ட புது எலி பதறி ஓடும், அந்த அசைவே சோதனை எலியை இழுக்கும், அதை நினைவு என்று எழுதிவிடுவோம். இரு எலிகளையும் மூன்று நாள் முன்பே அந்த அறைகளில் பழக்குங்கள். அறிமுக நேரத்தில் புது எலியும் வேறிடத்தில் அதேபோன்ற அறையில் இருக்கட்டும். இருவரின் அசைவையும் காணொளியில் அளந்து ஒப்பிடுங்கள்.

இன்னொரு குழுவுக்கு இதையே முழு இருட்டில், அகச்சிவப்புக் கேமராவோடு செய்யுங்கள். அங்கும் புது எலிமேல் நாட்டம் தெரிந்தால் எங்கோ கசிகிறது; தரவை ஒதுக்கிவிட்டு மூட்டுகளைப் பாருங்கள்.

மூளையைப் பார்க்க, சோதனை முடிந்து 90 நிமிடத்தில் திசு எடுத்து, செயல்பட்ட நரம்பணுக்களைக் காட்டும் சி-ஃபாஸ் புரதத்துக்குச் சாயமிடலாம். நினைவுக்கான மூளைப்பகுதியான ஹிப்போகேம்பஸில் சிஏ2 என்ற பகுதியைச் செயலிழக்கச் செய்தால் சமூக நினைவு குலைவதை 2014இல் காட்டினார்கள். அதன் எல்லையை ஆர்ஜிஎஸ்14 புரதம் காட்டிக்கொடுக்கும். கீழ்ப்புற சிஏ1 பகுதியையும் சேர்த்து எண்ணுங்கள்: பழகிய எலியின் நினைவு அங்கே பதிவதை 2016 ஆய்வு காட்டியது. ஒப்பீட்டுக்குக் கூண்டிலேயே இருந்த எலிகள் போதாது, இருட்டுக் குழுவின் மூளைதான் வேண்டும்.