அந்த மாத்திரைப் பையைத் திறந்து பாருங்கள்: கேஷுவாலிட்டியில் வலி மருந்துத் தவறுகள்

போன வாரம் சேலத்தில், எங்கள் கேஷுவாலிட்டிக்குப் புதிதாக வந்த ஹவுஸ் சர்ஜன் இரவு ஒரு மணிக்கு அடுத்தடுத்து நாலு சீட்டில் ஒரே வரியை எழுதினார்: வலி ஊசி டைக்ளோபினாக் 75, கூடவே வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ரானிடிடின் 50 (மில்லிகிராம்). பல் வலி, இடுப்பு வலி, கல் வலி, கால் சுளுக்கு, எல்லாவற்றுக்கும் அதேதான். முதல் வருடத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன். அலர்ஜி கேட்க மறப்பது, அளவு மாற்றி எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை சிஸ்டர்களே பிடித்துவிடுவார்கள்.

கேட்காமல் போடும் டைக்ளோ

இன்றும் என் மனதைக் குடைவது இதுதான். முன்பு நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரிக்கு, காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில், ஏற்காட்டிலிருந்து ஒரு பாட்டி முதுகு வலி என்று வந்தார். "சாமி, ஒரு ஊசி போட்டு விடு, காலையில தோட்டத்துக்குப் போகணும்" என்றார். போட்டு அனுப்பினேன். நாலாம் நாள் முகமும் காலும் வீங்கி, சிறுநீர் குறைந்து திரும்பி வந்தார். சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் 5-ஐத் தாண்டியிருந்தது. அப்போதுதான் மகள் பையைத் திறந்து காட்டினார். பிரஷருக்கு டெல்மிசார்டன், கூடவே நீர் மாத்திரை, மருந்துக் கடையில் வாங்கி ஒரு வாரமாகப் போட்ட, டைக்ளோ வகையையே சேர்ந்த அசிக்ளோபினாக். ஊசிக்கு முந்தைய இரண்டு நாளும் வயிற்றுப்போக்கு வேறு. அந்தப் பை அன்றும் அவர் மடியில்தான் இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை. இரண்டு முறை டயாலிசிஸ் செய்த பிறகே சிறுநீரகம் மீண்டது.

உடம்பில் நீர் குறையும்போது, சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் நுண்குழாயைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். டைக்ளோ வகை மருந்துகள் அது உருவாவதையே தடுக்கும். டெல்மிசார்டன் ரத்தம் வெளியேறும் பக்கத்துக் குழாயைத் தளர்த்தும். நீர் மாத்திரை ரத்த அளவைக் குறைக்கும். மூன்றும் ஒன்றுசேர்ந்தால் வடிகட்டும் அழுத்தமே விழுந்துவிடும். கூடப் போடும் ரானிடிடின் வயிற்றுக்குத்தான் காவல், சிறுநீரகத்துக்கு இல்லை.

மாட்டுக்குப் போட்ட இதே டைக்ளோ, செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவற்றைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. அதனால்தான் 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள்.

டைக்ளோவே கூடாது என்று சொல்லவில்லை. வேறு நோய் இல்லாத இளைஞருக்குக் கல் வலி வந்தால் அதுதான் நல்ல மருந்து. ஆனால் ஊசிக்கு முன் கேளுங்கள்: என்னென்ன மாத்திரை ஓடுகிறது? வாந்தி, பேதி உண்டா? சிறுநீரகம், இதயம், அல்சர் தொந்தரவு? கர்ப்பமா? காய்ச்சலோடு வந்து டெங்கு சந்தேகம் இருந்தாலும் டைக்ளோ வேண்டாம். அந்தப் பாட்டிக்கு பாராசிட்டமால் டிரிப்பே போதுமாக இருந்திருக்கும். பெரியவர்களுக்கு 1 கிராம், 50 கிலோவுக்குக் கீழே இருந்தால் கிலோவுக்கு 15 மில்லிகிராம்.

சர்ஜன் வரட்டும் என்று காத்திருப்பது

வயிற்று வலி என்று வந்தவருக்கு, வலி போனால் நோய் தெரியாமல் போய்விடும் என்று பயந்து, சர்ஜன் பார்க்கும் வரை மருந்தே கொடுக்காமல் வைத்திருப்பார்கள். வலியைக் குறைத்தால் அப்பெண்டிக்ஸ் மறைந்துவிடாது. துடிப்பு அடங்கி வயிறு தளர்ந்த பிறகு, எந்த இடத்தில் வலிக்கிறது என்பது பெரும்பாலும் இன்னும் தெளிவாகத் தெரியும்.

மார்ஃபின் என்றாலே பயம்

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் பைக் சறுக்கி, தொடை எலும்பு முறிந்து வருபவருக்கு பாராசிட்டமால் மட்டும் எழுதிவிட்டு எக்ஸ்ரேவுக்கு அனுப்புவதைப் பார்த்தால் கோபம் வருகிறது. ரத்தக் குழாய் (ஐ.வி.) வழியாக மார்ஃபினை 2, 3 மில்லிகிராமாக, ஐந்து நிமிட இடைவெளியில், மூச்சையும் பிரஷரையும் பார்த்துக்கொண்டே கொடுங்கள். மார்ஃபினுக்கு மாற்று மருந்தான நாலோக்சோன் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மருத்துவத் தேவைக்கு மார்ஃபின் எளிதாகக் கிடைக்க வேண்டும் என்றுதான் 2014-ல் போதைப்பொருள் சட்டத்தையே திருத்தினார்கள்.

டிராமடால்

இந்த வலி மருந்து வலிப்பு நோய் உள்ளவருக்கு வேண்டாம்.

போட்டுவிட்டு மறப்பது

அரை மணி நேரத்தில் திரும்பிப் போய், வலி பத்துக்கு எத்தனை என்று மறுபடி கேட்டு, அந்த எண்ணைச் சீட்டில் எழுதுங்கள். எட்டாக இருந்தது ஏழாகத்தான் குறைந்திருந்தால், அடுத்த மருந்து அப்போதே போக வேண்டும்.