குட்டிகள் பால்குடி மறந்த பிறகு தாய்ப்பூனையின் மடியைக் கவனிப்பது எப்படி?

முதலில் என் தவறு. எங்கள் பூனையின் குட்டிகள் எட்டாவது வாரத்தில் பால்குடி மறந்தன. மறுநாளே பின்பக்கக் காம்புகள் இரண்டிலும் பால் கட்டிக்கொண்டது. வலிக்குமே என்று பீய்ச்சிவிட்டேன். அன்றிரவு தளர்ந்தது, விடிந்தால் முன்பைவிட வீங்கியிருந்தது. மூன்று நாள் இதே கதை. கால்நடை மருத்துவர் சொன்ன பிறகுதான் உறைத்தது: எடுக்க எடுக்கப் பால் ஊறும்.

படி 1: மெதுவாகப் பிரியுங்கள். குட்டிகள் நான்காவது வாரம் முதலே திட உணவைத் தொடும். அப்போதிருந்து தாயை விட்டுப் பிரிக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரே நாளில் எல்லாக் குட்டிகளையும் கொடுத்துவிட்டால் பால் கட்டத்தான் செய்யும்.

படி 2: உணவைக் குறையுங்கள். பாலூட்டும்போது இரண்டு மடங்குக்கும் மேல் தின்றவளை, சில நாட்களில் படிப்படியாகப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். பட்டினி போடாதீர்கள், தண்ணீரிலும் கை வைக்காதீர்கள்.

படி 3: மடியைத் தொந்தரவு செய்யாதீர்கள். நான் சறுக்கிய இடம் இதுதான். பீய்ச்சக் கூடாது, தேய்க்கக் கூடாது, பால் வற்றும்வரை வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். மடி நிறைந்தே இருந்தால்தான் சுரப்பை நிறுத்தும்படி உடலுக்குத் தெரியும். ரொம்பவும் இறுகியிருந்தால், குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சில நிமிடம் வைக்கலாம். பஞ்சு வேண்டாம், இழை முடியில் ஒட்டிக்கொள்ளும். பழைய பருத்தித் துணியே மேல். அவள் சீறினால் விட்டுவிடுங்கள்.

படி 4: தினம் இருமுறை பாருங்கள். பூனைக்குப் பொதுவாக எட்டுக் காம்புகள். ஒரு தாளில் எட்டு வட்டம் வரைந்து, எது எப்படி இருக்கிறது என்று குறித்துவைத்தேன். கிறுக்குத்தனமாகத் தோன்றும், ஆனால் "நேற்றும் இப்படித்தான் இருந்ததா?" என்ற குழப்பம் வராது. இரு பக்கமும் ஒரே மாதிரி நிறைந்திருந்து, அவள் நன்றாகத் தின்றால் கவலையில்லை. ஓரிரு வாரத்தில் வற்றிவிடும்.

ஒரு பகுதி மட்டும் சூடாகி, சிவந்தோ கருநீலமாகவோ மாறினால், சீழோ இரத்தமோ கலந்த பால் கசிந்தால், அவள் சாப்பிடாமல் ஒதுங்கிப் படுத்தால், அது மடிநோயாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போங்கள். காதைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பது வீண். ஆசனவாயில் வைக்கும் டிஜிட்டல் வெப்பமானிதான் உண்மை சொல்லும், 39.2 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காய்ச்சல் என்று கொள்ளலாம். வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரைகூடப் பூனையின் உயிரைப் பறித்துவிடும்.

பிற்சேர்க்கை: "குட்டிகள் வீட்டிலேயே இருக்கின்றன, இரவில் மறுபடி குடிக்கின்றன" என்று பலர் எழுதியிருந்தார்கள். இது எனக்குத் தோன்றவேயில்லை, என் குட்டிகள் வேறு வீடுகளுக்குப் போய்விட்டன. பகலெல்லாம் பிரித்துவைத்து இரவில் ஒன்றாக விட்டால் பழைய நிலைக்கே திரும்பும். பால் வற்றும்வரை இரவிலும் தனி அறைதான்.

இன்னொரு கேள்வி: பால் வற்றிப் பல வாரங்கள் ஆகியும் பட்டாணி அளவில் கட்டி தட்டுப்பட்டால்? காத்திருக்காதீர்கள். பூனைகளுக்கு மடியில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய்தான். கருத்தடை அறுவையையும் அப்போதே பேசிவிடுங்கள். பாலூட்டும் காலத்திலேயே பூனை மறுபடி சினையாகலாம், ஆகவே அதுவரை ஆண்பூனை அருகே விடாதீர்கள்.